காப்புக் கட்டிய ஊர்

போன மாதம் குமுளி பஸ்ஸுக்காக மலையடிவாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். மாட்டுச் சோதனைச் சாவடியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்னை அடையாளம் கண்டு உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்தார்கள். தடுப்பூசி மருந்து வைக்கும் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். ஜீப்பைக் காட்டினார்கள். அதில் ஒருவர் கேட்டார்: "அய்யா, அந்தக் காலத்துல வெக்கை நோவுக்கு ஒரு ஊரையே அடைச்சு வச்சீகளாமே? போலீசு கூட இல்லாம எப்படி முடிஞ்சது?" ஏதோ பெரிய வீரச்செயலைப் பற்றி விசாரிப்பது போல அவர் முகம் மலர்ந்திருந்தது. நான் டீயைக் குடித்து முடித்து, பஸ் வந்துவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். பஸ் வரவில்லை. வெயிலில் நெடுநேரம் நின்றேன்.

அந்தப் பிள்ளைக்கு வாயால் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் சவரிமுத்து. கம்பம் பள்ளத்தாக்கில், மலையோரத்துக் கிறிஸ்தவக் கிராமம் ஒன்றில் பிறந்தவன். அப்பா வண்டி ஓட்டினார். எட்டாவது படித்த கையோடு மாட்டாஸ்பத்திரியில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு கம்பவுண்டர் ஆனேன். மனுஷ ஆஸ்பத்திரிக் கம்பவுண்டருக்கு இருக்கும் மரியாதை எனக்குக் கிடையாது. எனக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில், "மாப்பிள்ளை மேல சாணி வாடை அடிக்குமோ?" என்று மாமியாராக வரப்போகிறவர் மூக்கைச் சுளித்தார். அடிக்கத்தான் செய்தது. பெண்ணையும் கொடுத்தார்கள்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் சுந்தரராஜன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லி உடம்பு, மூக்குக்கண்ணாடி, காக்கி அரைக்கால் சட்டை. பேச்சு குறைவு. என்னிடம் அவர் அதிகம் பேசிய சொல், "அலம்பியாச்சா?" என்பதுதான். கையை அலம்ப வேண்டும், தெர்மாமீட்டரை அலம்ப வேண்டும், மாடு கட்டிய கயிற்றை அலம்ப வேண்டும், கடைசியாகச் செருப்பை அலம்ப வேண்டும். எல்லாம் பினாயில் தண்ணீரில். செருப்பை முதலில் அலம்பிவிட்டுக் கையைப் பிறகு அலம்பினால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார். திட்ட மாட்டார். நின்று பார்ப்பார். அதற்குத் திட்டே தேவலை.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. எந்த மாட்டையும் தொடும் முன் அதன் பெயரைக் கேட்பார். "மயிலைங்கய்யா", "கருப்பாயிங்கய்யா" என்று சொந்தக்காரர் சொன்னதும், மாட்டின் காதோரம் குனிந்து அந்தப் பெயரை ஒரு தரம் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். மாடு உதைக்காமல் இருக்க இது ஒரு தந்திரம் என்று முதலில் நினைத்தேன். செத்துக் கிடந்த மாட்டுக்கும் பெயர் கேட்டதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில். வெக்கை என்ற பெயரை இன்றைய பிள்ளைகள் புத்தகத்தில் படித்திருப்பார்கள். முதலில் காய்ச்சல் அடிக்கும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். கீழுதட்டைப் பிரித்துப் பார்த்தால் ஈறில் தவிட்டைத் தூவியது போல வெள்ளையாகப் பூத்திருக்கும். துடைத்தால் அடியில் புண். அதற்குப் பிறகு கழிச்சல், ரத்தம், நாற்றம். அந்த நாற்றம் இன்றைக்கும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. வந்த மாட்டுக்கு மருந்து கிடையாது. வராத மாட்டுக்குச் சீரம் என்ற ஊசி இருந்தது. அது சில வாரங்களுக்குக் காப்பாற்றும், அவ்வளவுதான். அதுவும் மரப்பெட்டியில் ரயிலேறி, கேட்டதில் பாதியாக வரும்.

அதனால் எங்களுக்கு இருந்த ஒரே மருந்து அடைப்பு. நோய் கண்ட ஊரிலிருந்து மாடு வெளியே போகக்கூடாது, வெளி மாடு உள்ளே வரக்கூடாது. பொதுத் தண்ணீரில் மாடு இறங்கக்கூடாது. நோய் மாட்டை ஊருக்கு வெளியே தனிக் கொட்டகையில் கட்ட வேண்டும். செத்த மாட்டை ஆழமாகப் புதைக்க வேண்டும். புதைக்கும் முன் அதன் தோலைக் கழுத்திலிருந்து வால் வரை குறுக்கும் நெடுக்குமாகக் கத்தியால் கீறிவிட வேண்டும். கீறாவிட்டால், தோலுக்காக யாராவது குழியைத் தோண்டி எடுத்துப் போவார்கள். தோலோடு நோயும் அடுத்த ஊர் போகும். இதுதான் சட்டம். மலைக்கு மேலே திருவிதாங்கூர்க் காவலர்கள் இன்னும் கறார். இங்கே நோய் என்று காற்றில் கேள்விப்பட்டாலே கணவாயை மூடிவிடுவார்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகும் வண்டி மாடு, மேய்ச்சலுக்குப் போகும் மாடு, சந்தை மாடு எல்லாம் அடிவாரத்தில் தேங்கி நிற்கும். பள்ளத்தாக்கே மூச்சு முட்டும்.

ஓடைப்பட்டிக்கும் மலைக்கும் நடுவில் ஒரு ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இப்போதும் மாடு வளர்க்கிறார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். மலைக்குப் போன ஒரு மந்தை அந்த ஊர் ஊருணியில் தண்ணீர் காட்டிவிட்டுப் போனது. அந்த மந்தையில் ஒரு மாடு அடிவாரத்தில் எங்கள் கண் முன்னால் விழுந்து செத்தது. அது வந்த வழியை விசாரித்துக்கொண்டு நாங்கள் அந்த ஊருக்குப் போனபோது, ஊருணிக்குப் பக்கத்து இரண்டு வீடுகளில் மாடுகளுக்கு மூக்கு வடிந்துகொண்டிருந்தது.

போகும்போது மாட்டு வண்டியில் போகவில்லை. நோயூருக்கு வண்டி மாட்டைக் கொண்டுபோனால் நாங்களே நோயை ஊர் ஊராகச் சுமந்த மாதிரி ஆகிவிடும். சைக்கிள்தான். டாக்டர் ஒரு பழைய கித்தான் செருப்பை அந்த ஊருக்கென்றே ஒதுக்கி, எல்லையில் நின்ற வேப்ப மரத்தில் தொங்கவிட்டார். உள்ளே போகும்போது அது. வெளியே வந்தால் அதை அலம்பி மரத்தில் மாட்டிவிட்டுத் தன் செருப்பு.

நோய் கண்ட மாடுகளைத் தனிக் கொட்டகையில் கட்டியாயிற்று. தமுக்கடித்துத் தடை உத்தரவைச் சொல்லியாயிற்று. ஆனால் அந்த ஊரில் எங்கள் சட்டத்துக்கு அடங்காத ஒரு மாடு இருந்தது.

மாட்டுப் பொங்கலன்று பிறக்கும் கன்றைச் சாமிக்கு விடுவது அந்த ஊர் வழக்கம். அப்படி விட்ட ஒரு காளை. நல்ல செவலை நிறம், பெரிய திமில். அதன் மேல் கயிறே படக்கூடாது. மூக்கணாங்கயிறு, தும்பு, கழுத்துமணி எதுவும் கிடையாது. விடிந்ததும் சாமி கல் இருக்கும் தொழுவிலிருந்து கிளம்பி வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு வாசலிலும் அதற்கென்று ஒரு வாய் கழனித்தண்ணீர், ஒரு கை பருத்திக்கொட்டை. அது வராமல் விட்ட வீட்டில் அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கவே மனம் வராது என்பார்கள். ஒரு தொட்டியில் வாய் வைத்துவிட்டு அடுத்த தொட்டி. டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நோயை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்க இதைவிட ஒரு வழி வேண்டாம்.

காளையைப் பார்த்துக்கொண்டவர் கோடாங்கி வீரணன். சாமியாடி, குறி சொல்கிறவர். ஐம்பது வயதிருக்கும், முடிந்த சடை, சிவந்த கண், ஆனால் குரல் மட்டும் பச்சைப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாக இருக்கும்.

"அந்தக் காளையைக் கட்டிப் போடணும்," என்றார் டாக்டர்.

"அதக் கட்டுற கயித்த இன்னும் எவனும் திரிக்கலங்கய்யா," என்றார் கோடாங்கி. கோபமே இல்லை. நடப்பைச் சொன்னார்.

"சர்க்கார் உத்தரவு."

"சர்க்காரு சொன்னா இங்கன எவன் காதுல ஏறும்? தமுக்கு அடிச்சவரு அங்கிட்டுப் போன சூட்டோட, ரெண்டு பேரு மாட்டப் பத்திக்கிட்டுச் சம்பந்தகாரக வீட்டுக்குக் கெளம்பிட்டாக. நாந்தேன் மறிச்சு நிறுத்துனேன். இதே காப்புக் கட்டியிருந்தா ஒரு ஈ காக்கா எல்லை தாண்டியிருக்குமா?"

டாக்டர் நிமிர்ந்தார். "காப்புக் கட்டறதுன்னா என்ன?"

கோடாங்கி சொன்னார். திருவிழாவுக்கு முன்னால் சாமி முன்பு மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொண்டால், காப்பை அவிழ்க்கும் வரை ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டக் கூடாது. வெளியூர்க்காரர் உள்ளே தங்கக் கூடாது. கொடுக்கல் வாங்கல் கிடையாது. எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டிவிடுவார்கள். மீறினால் சாமி குற்றம். அந்த நாட்களில் சாமிக் காளையும் விரதம், தொழுவை விட்டு வெளியே வராது. கோடாங்கி தொழு வாசலில் ஒரு வேப்பங்கொம்பைக் குறுக்கே வைத்தால் போதும், அது தாண்டாது.

எங்கள் சட்டத்தை அப்படியே வேறு பாஷையில் கேட்பது போல இருந்தது. டாக்டர் முகத்தில் நான் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

"இப்போ கட்ட முடியுமா? திருவிழா இல்லாமல்?"

"சாமிகிட்டப் பூக் கேக்கணும். உத்தரவு குடுத்தா கட்டலாம்."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு எடுத்ததில் வெள்ளை வந்தது, உத்தரவுதான். மறுநாள் காலையில் காப்பு என்று முடிவாயிற்று. கோடாங்கி வீட்டில் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். வெளியில் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காத டாக்டர் அதை வாங்கிக் குடித்தார். திரும்பி வரும் வழியில் சைக்கிளை மிதித்துக்கொண்டே, "சவரிமுத்து, நாம இத்தனை வருஷம் தமுக்கடிச்சதெல்லாம் வீண்," என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவன். ஆனாலும் எங்கள் ஊரில் அந்தோணியார் தேரும் சப்பரமும்தான். காப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் நாங்கள் போனபோது தூரத்திலேயே புழுதி தெரிந்தது. எல்லையில் வேப்பிலைத் தோரணம் அழகாகக் கட்டியிருந்தது. அதற்கு உள்ளே, தொழுவுக்கு முன்னால் இருந்த பொட்டலில், அந்த ஊரின் அத்தனை மாடுகளும் நின்றன.

குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சள் பூசி, ஒவ்வொரு மாட்டின் கொம்பிலும் மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். கல்தொட்டியில் தீர்த்தம். ஒவ்வொரு மாடாக வந்து அதில் ஒரு வாய் குடித்துவிட்டுப் போனது. தொட்டியின் அருகே சாமிக் காளை நின்று, வருகிற மாடுகளை மோந்துகொண்டிருந்தது. தனிக் கொட்டகையில் நாங்கள் கட்டி வைத்திருந்த நோய் மாடுகள் அங்கே இல்லை. அவை பொட்டலில், தொட்டிக்குப் பக்கத்தில் நின்றன.

டாக்டர் எல்லையிலேயே நின்றுவிட்டார். கித்தான் செருப்பை மரத்திலிருந்து எடுத்து, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

கோடாங்கி புது வேட்டியும் மணிக்கட்டில் காப்புமாக எங்களைப் பார்த்து வேகமாக வந்தார். "வாங்கய்யா. ஒரு வீடு பாக்கியில்லாம வந்துட்டாக."

"மாட்டையெல்லாம் எதுக்குக் கூட்டினீங்க?" டாக்டர் கேட்டார்.

"நோவு மாட்டுக்குத்தான வந்துருக்கு? மனுசனுக்கு மட்டுங் காப்புக் கட்டுனா எப்பிடிங்கய்யா? நோவுல கெடந்த வாயில்லாச் சீவனுக்குத்தேன் மொதக் காப்பு. நம்ம பேச்சியம்மா மாடு அதுக்கு அடுத்தது. பாவம், ஒத்த மாட்ட வச்சுப் பொழைக்கிறவ."

டாக்டர் செருப்பை மாற்றிக்கொண்டு உள்ளே போய், நோய் மாடுகளைத் தன் கையாலேயே பிடித்துக் கொட்டகையில் கட்டினார். தீர்த்தத் தொட்டியைக் கவிழ்க்கச் சொன்னார். எல்லா மாட்டையும் அவரவர் வீட்டில் கட்டச் சொன்னார். ஊர் சொன்னபடி கேட்டது. சாமிக் காளை தானாகத் தொழுவுக்குள் போய் நின்றது. வெளியே வந்து செருப்பை அலம்பும்போது என்னிடம், "காப்புன்னா என்னன்னு கேட்டேன். மாட்டுக்கும் உண்டான்னு கேக்கலை," என்றார். அன்று அவர் செருப்பை முதலில் அலம்பினார்.

ஏறக்குறைய ஒரு வாரம் கொட்டகைக்கு வெளியே எதுவும் நடக்கவில்லை. கோடாங்கி சந்தோஷமாக இருந்தார். தினமும் காலையில் எல்லைக்கு வந்து, "ஒண்ணுக்கும் இல்லங்கய்யா, எல்லாம் நல்லாத் திங்குது," என்பார். டாக்டர் தலையாட்டுவார். நோய் உடம்புக்குள் உட்கார்ந்து வெளியே வர அத்தனை நாள் ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். அந்த வாரத்தைப் போலக் கொடுமையான வாரத்தை நான் என் வேலையில் பார்த்ததில்லை. வீடு வீடாகத் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு போனோம். ஒரு நாள் காலையில் எல்லா வீட்டிலும் பாதரசம் ஏறியிருந்தது.

அதே நேரத்தில் தேனி ஸ்டேஷனுக்குச் சீரம் வந்து சேர்ந்தது. வழக்கம் போலக் கேட்டதில் பாதி. பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்த ஊர் எல்லை வழியாகத்தான் நாங்கள் போக வேண்டும். தோரணத்துக்கு அந்தப் பக்கம் ஊரே நின்றது.

"மருந்து வந்துருச்சாய்யா?" என்றார் கோடாங்கி.

"வந்துடுத்து."

"அப்ப எறக்குங்க."

டாக்டர் சைக்கிளை விட்டு இறங்கி, தோரணத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். "வீரணா, காய்ச்சல் வந்த மாட்டுக்கு இது வேலை செய்யாது. சுத்தி இருக்கற ஊர் மாட்டுக்கெல்லாம் இதைப் போடணும். போட்டாத்தான் நோய் இங்கேயே நிக்கும். இல்லைன்னா பள்ளத்தாக்கு முழுக்கப் போயிடும்."

யாரோ ஒரு பெண் பிள்ளை பின்னாலிருந்து கத்தினாள். கெட்ட வார்த்தைதான். டாக்டர் அதையும் கேட்டுக்கொண்டு நின்றார். கோடாங்கி கையை உயர்த்தி அடக்கிவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "அன்னைக்கு எல்லா மாட்டையும் ஒண்ணாக் கூட்டுனோமே, அதுலதேன் பரவுச்சாய்யா?"

பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், என்னை அறியாமலே சொல்லியிருப்பேன்.

"ஆமா," என்றார் டாக்டர். "நான் முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுண்டிருக்கணும். தப்பு என்னோடது."

கோடாங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் சீரத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனோம். அங்கே எங்களைக் கிண்டல் செய்தார்கள். "நோவே இல்லாத மாட்டுக்கு எதுக்குய்யா ஊசி? கம்பவுண்டருக்குக் கை அரிக்குதோ?" என்றார்கள். மாடு ஒவ்வொன்றுக்கும் கெஞ்சிக் கூத்தாடித்தான் போட்டோம். நோய் வராததால், நாங்கள் செய்தது என்ன என்று அந்த ஊருக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

கொட்டகை மாடுகளுக்குப் பிறகு முதலில் விழுந்தது பேச்சியம்மாவின் பசு. புருஷனை இழந்தவள். அந்த ஒரு பசுவின் பாலை டீக்கடைக்கு ஊற்றி இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் போய் நின்று வழக்கம் போலப் பெயர் கேட்டார். "வெள்ளச்சிங்கய்யா," என்றாள். குழி வெட்டி முடித்ததும் கத்தியைப் பார்த்துவிட்டு அவள் ஓடிவந்து பசுவின் மேல் விழுந்தாள்.

"ஆத்தா, கீறாதீகய்யா! உசுரோட இருந்தப்ப ஒரு குச்சியால கூட அடிச்சதில்லய்யா. செத்த பெறகு வெட்டுறீகளே!"

டாக்டர் காத்திருந்தார். பெண்கள் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் குனிந்து, "வெள்ளச்சி," என்று சொல்லிவிட்டுக் கீறினார். கோடாங்கி பக்கத்தில் நின்று பார்த்தார்.

அதற்குப் பிறகு தினமும் குழி. எந்த வீட்டில் எது விழுந்தது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கும் தாங்காது. உழவு மாடு, கறவை மாடு, கன்று. ஊரில் பால் என்பதே இல்லாமல் போய், பிள்ளைகளுக்கு வரக்காப்பி கொடுத்தார்கள். எங்கள் ஊர்ப் பங்குச் சாமியார் பூசையில் சொல்லி, ஆட்கள் கேழ்வரகு மூட்டைகளைக் கொண்டுவந்து எல்லையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். இத்தனைக்கும் ஒருவர் கூட அந்தத் தோரணத்தைத் தாண்டவில்லை. ஒரு மாட்டைக்கூட யாரும் திருட்டுத்தனமாக விற்கவில்லை. மணிக்கட்டில் கட்டிய மஞ்சள் கயிறு அழுக்கேறிக் கறுத்துப்போனது. போலீசு இல்லாமல் எப்படி முடிந்தது என்று அந்தப் பிள்ளை கேட்டாரே, இப்படித்தான் முடிந்தது.

கடைசியாகச் சாமிக் காளை. அது விழுவதற்கு வெகு நாளானது. பெரிய உடம்பு, லேசில் விடவில்லை. விழுந்த இடம் தொழுவுக்குள்ளே, சாமி கல்லுக்குப் பக்கத்தில். கோடாங்கி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கில் வழிந்ததைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் போனபோது உயிர் போயிருந்தது.

ஊரே வெளியே நின்றது. எல்லோருக்கும் ஒரே கவலை. குழி ஊருக்கு வெளியே. செத்த மாட்டைக் காலில் கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும். பிறந்ததிலிருந்து கயிறு படாத உடம்பு.

டாக்டர் தொழுவைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு காளைக்கு மிக அருகில் மண்ணைக் காலால் தட்டிக் காட்டி, "இங்கேயே வெட்டுங்கோ. பக்கவாட்டில் சரிச்சா உள்ளே போயிடும். கயிறு வேண்டாம்," என்றார். ஊர் மூச்சு விட்டது. ஆட்கள் அங்கேயே குழி வெட்டினார்கள்.

நான் கத்தியை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் வாங்கவில்லை. கோடாங்கியிடம் போய், வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "வீரணா, சாமிக் காளையை எவனும் தோண்ட மாட்டான். இதைக் கீறாம விட்டுடறேன். மேலே சுண்ணாம்பைக் கொட்டி மூடிடலாம்."

என் காதில் விழுந்தது. சட்டத்தில் அவர் ஒரு நூல் விட்டுக் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கோடாங்கி தலையை ஆட்டினார். "வேணாங்கய்யா."

"ஏன்?"

"பேச்சியம்மா பசுவக் கீறுனீக. அவ விழுந்து பெரண்டு அழுதா. நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன்? எல்லார் வீட்டு மாட்டையும் கீறுனீக. சாமிக்கு மட்டும் வேணாம்னு நான் வாங்கிக்கிட்டா, நாளைக்கு அவ மூஞ்சியில எப்பிடிய்யா முழிப்பேன்? கீறுங்க."

டாக்டர் கத்தியை வாங்கிக்கொண்டு குழியில் இறங்கினார். காளையின் தலைமாட்டில் குனிந்தவர், பழக்க தோஷத்தில் நிமிர்ந்து கோடாங்கியைப் பார்த்தார். அந்த ஊரில் சாமிக்கு விட்ட மாட்டுக்குப் பெயர் வைப்பதில்லை. எல்லோருக்கும் அது தெரியும். டாக்டருக்கும் தெரியும்.

"பேரெல்லாங் கெடையாதுங்கய்யா," என்றார் கோடாங்கி. கொஞ்சம் நின்று, "ஆளில்லாதப்ப மட்டும் நான் தம்பின்னு கூப்புடுவேன். எனக்குக் கூடப் பொறந்தவக யாரும் இல்ல," என்றார்.

டாக்டர் அதன் காதோரம் குனிந்தார். "தம்பி," என்றார். கீறினார்.

நான் ஆண்பிள்ளை, அதுவும் தினமும் ரத்தத்தைப் பார்க்கிறவன். அன்று தொழுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன்.

அதற்குப் பிறகு புதிதாக எந்த மாடும் விழவில்லை. விழுவதற்கு மிச்சமும் இல்லை. அடைப்பை நீக்கும் நாள் வந்தது. கொட்டகையைக் கொளுத்தினோம். டாக்டர் கித்தான் செருப்பையும் அந்தத் தீயில் போட்டார். எல்லைத் தோரணம் காய்ந்து சருகாகித் தொங்கியது. அடைப்பு நீங்கியது என்று தமுக்கடித்தபோது, வெளியே ஓட்டிப் போக யாரிடமும் மாடு இல்லை. சனங்கள் சும்மா நின்றார்கள்.

காப்பு அவிழ்க்க வேண்டும். வழக்கப்படி அதைக் கோடாங்கிதான் எல்லோருக்கும் அவிழ்த்துவிடுவார். அவிழ்த்தார். பேச்சியம்மாவுக்கு அவிழ்க்கும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் கையை மட்டும் நீட்டினாள். கடைசியில் அவர் கையில் ஒன்றுதான் பாக்கி. எங்களிடம் வந்தார். அந்த நாட்களில் ஆள் பாதியாகியிருந்தார்.

"அய்யா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு, வீரணா."

"அடுத்த ஊரு எதுக்காச்சும் நோவு போச்சா?"

"போகலை."

"ஓடைப்பட்டிப் பக்கம்?"

"போகலை."

"மலையடிவாரத்துல?"

"எங்கேயும் போகலை, வீரணா. இந்த ஊரோட நின்னுடுத்து."

கோடாங்கி கண்ணை மூடித் திறந்தார். எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டது போல இருந்தது.

"அப்பச் சரிதேன். காப்புப் பலிச்சிருச்சுய்யா," என்று சொல்லி, இடக்கையை டாக்டர் முன்னால் நீட்டினார். "நீங்க கேட்டுக் கட்டுனது. நீங்களே அவுத்து விடுங்க."

முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. டாக்டர் கத்தரியை எடுத்தார். எத்தனையோ மாட்டு வயிற்றைத் தைத்த கை அது. கத்தரியைக் கயிற்றுக்குள் நுழைக்க முடியாமல் இரண்டு தடவை வழுக்கியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். பிறகு கத்தரியை என்னிடம் நீட்டி, "என்னால ஆகலை, சவரிமுத்து. நீ வெட்டு," என்றார்.

நான்தான் வெட்டினேன். கயிறு இருந்த இடத்தில், வெயில் படாமல், அவர் மணிக்கட்டைச் சுற்றி ஒரு வெளுத்த கோடு இருந்தது.